மேலே ரெண்டு, கீழே ஒண்ணு

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால், பதினோரு வீடுகளும் ஒரு குழாயடியும் உள்ள சந்தில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினால், தந்தி யாருக்கு வந்திருந்தாலும் எல்லாரும் முதலில் திரும்பிப் பார்ப்பது சவரிநாதன் வீட்டைத்தான். அந்தச் சந்துக்கு இங்கிலீஷ் என்றால் சவரிநாதன். எட்டாவது வரை படித்தவர். துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு பேச்சுவார்த்தை வைத்திருப்பவர். முழுக்கைச் சட்டையில் பேனா சொருகிக்கொள்பவர். ஒரு சந்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தப் பெருமையின் லட்சணத்தை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். தன்னைக் கேலி செய்வதில் யாரும் தன்னை முந்திவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். குழாயடிப் பூவம்மாவுக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து தந்தி வந்தது. சவரிநாதன் பிரித்தார். 'மதர்' என்ற வார்த்தை கண்ணில் பட்டது. அவர் படித்த தந்திகளில் 'மதர்' வந்தால் கூடவே 'சீரியஸ்' வரும். மிச்சத்தைப் படிக்க அவசியம் இருக்கவில்லை. தாளை மடித்து, தலையைக் குனிந்து, "மனச தேத்திக்க பூவம்மா" என்றார். சந்தே கூடி அழுதது. அரைமணி கழித்து அந்தப் பக்கம் வந்த ரயில்வே ஹென்றி தந்தியை வாங்கிப் பார்த்து, பூவம்மாவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம் என்று படித்தார். அழுதவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுச் சர்க்கரை கேட்டார்கள். சர்க்கரை சவரிநாதன் செலவு.

அப்படியும் அடுத்த தந்தி அவரிடம்தான் வந்தது. ஜனங்களுக்கு ஒருவர்மேல் வந்த நம்பிக்கையை அந்த ஒருவரே நினைத்தாலும் கெடுக்க முடியாது போலிருக்கிறது.

துறைமுகத்தில் அவர் ஒரு தனியார் கம்பெனியின் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, பலகையில் செருகிய தாளில் குறிக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே எண்ணினார். அந்த வேலைக்கு உட்காரும் வழக்கம் கிடையாது. கப்பலில் பேசுவதற்கு அவர் ஒரு தனி இங்கிலீஷ் வைத்திருந்தார். எல்லா வினைக்கும் பின்னால் ஒரு 'இங்' சேர்த்துவிடுவது. "சார், ரெயின் கமிங், டோர் குளோசிங், மீ கோயிங்" என்பார். கிரேக்க மாலுமியும் போலந்து மாலுமியும் அதே இங்கிலீஷைத்தான் பேசினார்கள். ஆகையால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் அவரைத் திருத்தவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் முழங்கால் திருத்த ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போதே இரண்டு மூட்டும் வீங்கியிருக்கும். மத்தியானத்துக்குள் கால் ஒரு திசையிலும் அவர் ஒரு திசையிலும் போகப் பார்ப்பார்கள். நிற்பதை விடாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்தில் நடப்பதையும் விட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயது, மூன்று பெண்கள், ஒருத்திக்கும் கல்யாணம் ஆகவில்லை. சவரிநாதனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் ஒரு நாற்காலி காலியானது.

அது ரிப்போர்ட் கிளார்க் லியோனார்டின் நாற்காலி. தினமும் எந்தக் கப்பலில் என்ன இறங்கியது, எது உடைந்தது என்று பம்பாய் ஹெட் ஆபீஸுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது அவர் வேலை. பிரம்பு பின்னிய நாற்காலி, கை வைக்க இரண்டு பக்கமும் மரம், தலைக்கு மேல் மின்விசிறி. லியோனார்ட் பிள்ளையோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். இரண்டு மாதம் ஹெட் கிளார்க் வரதனே கடிதங்களை எழுதினார். மூன்றாம் மாதம் பம்பாயிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் கட்டாகத் திரும்பி வந்தன. வினைக்கு முன்னால் 'டு' போட வேண்டிய இடத்தில் பின்னால் 'இங்' போட்டிருக்கிறது, 'இங்' வேண்டிய இடத்தில் 'டு' போட்டிருக்கிறது என்று சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். கூடவே ஓர் உத்தரவு: ரிப்போர்ட் கிளார்க்கை ஆபீஸுக்குள்ளிருந்தே எடுக்கலாம், ஆனால் பரீட்சை வைத்து எடுக்க வேண்டும். இருபது வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரு வினை, 'டு' போடுவதா 'இங்' போடுவதா என்று எழுத வேண்டும். கேள்வித்தாளும் விடையும் தனித்தனி உறையில், அரக்கு முத்திரையோடு பம்பாயிலிருந்தே வரும். வரதனை நம்பி விடையை எழுதச் சொல்ல அவர்களுக்கு என்ன பைத்தியமா?

ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். பாடம் இன்னதென்று தெரிந்ததும் நாலு பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சவரிநாதன். இன்னொருவர் மஜீது.

மஜீதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்ணாரப்பேட்டைக்காரர், சவரிநாதனைவிட இரண்டு வயது சின்னவர், அவரும் டாலி கிளார்க். இருவரும் பதினோரு வருஷமாக ஜோடி. சவரிநாதன் மேலே, கப்பலின் தளத்தில் நின்று, சரக்கறையிலிருந்து வலையில் கிளம்பும் மூட்டைகளை எண்ணுவார். மஜீது கீழே, கரையில் நின்று, அதே வலை வந்து இறங்கும்போது எண்ணுவார். ஷிப்டு முடிந்ததும் சவரிநாதன் இறங்கி வர, இருவரும் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சேராது. வெயிலில், புழுதியில், சத்தத்தில் எண்ணுகிற இரண்டு கணக்கு எப்படிச் சேரும்? அநேகமாக மேலே மூன்று மூட்டை அதிகமாக இருக்கும். அதற்கு இருவருக்குள்ளும் ஒரு முறை உண்டு. "மேல ரெண்டு வுடு, கீழ ஒண்ணு ஏத்து" என்பார் மஜீது. சவரிநாதன் இரண்டைக் குறைப்பார், மஜீது ஒன்றைக் கூட்டுவார், கணக்கு சேர்ந்துவிடும். பிறகு அவர் தாளில் இவரும் இவர் தாளில் அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சேராத கணக்கு ஆபீஸுக்குப் போனதில்லை. கம்பெனியில் இருவருக்கும் அதனால் நல்ல பெயர்.

ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் என்று ஆனதும், பீடி நேரத்தில் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை பெய்யவில்லை.

சவரிநாதன் தண்டையார்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் சுகிர்தம் டீச்சரிடம் செவ்வாய், வியாழன் போகத் தொடங்கினார். யாருக்கும் தெரியக் கூடாதென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார். வெயில் சாய்ந்த ஆறு மணிக்கு ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை விரித்த குடையோடு நொண்டிக்கொண்டு போன ஒரே மனிதர் அவர்தான் என்பதால், வழியில் அவரைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

டைப்ரைட்டர்கள் தடதடக்கிற இரைச்சலில் டீச்சர் பாடம் சொன்னார். "ரொம்ப யோசிக்காதீங்க அண்ணே. இனிமே நடக்கப் போற காரியம்னா பெரும்பாலும் டு. ஹோப் டு, பிராமிஸ் டு, டிஸைட் டு. ஏற்கெனவே நடந்தது, நடந்துகிட்டு இருக்கறதுன்னா இங். ஃபினிஷ், என்ஜாய், அட்மிட், இதுக்கெல்லாம் இங்."

இரண்டு நாள் சவரிநாதனுக்குத் தலை சுற்றியது. மூன்றாம் நாள் கப்பல்மேல் நின்றுகொண்டிருக்கும்போது சட்டென்று பிடிபட்டது. வியாழக்கிழமை ஓட்டமும் நொண்டலுமாகப் போய்ச் சொன்னார்.

"டீச்சர், புடிச்சிட்டேன். கப்பல்லயே கீற மூட்டை டு. கரையில எறங்கிட்ட மூட்டை இங். ஹோப்புன்னா மூட்டை இன்னும் மேலதான் கீது. ஃபினிஷ்னா எறங்கிடுச்சி. இன்னா, கரீட்டா?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நேத்து இதையேதான் இன்னொருத்தர் சொல்லிட்டுப் போனார். திங்கள், புதன் வர்றவர். அவரும் குடையோடதான் வர்றார்."

சவரிநாதனுக்கு முகம் சுண்டிவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு யோசனை சொந்தமாகத் தோன்றியிருக்கிறது. அதுவும் ஒருநாள் முன்னதாக மஜீதுக்குத் தோன்றித் தொலைத்துவிட்டது. போட்டி என்று வந்தால் இப்படியா வரும்?

அந்த மூட்டைக் கணக்கு முக்கால்வாசி இடத்தில் உதவியது. மீதி இடங்களில் காலை வாரியது. 'அவாய்ட்' என்றால் தவிர்ப்பது, தவிர்த்த மூட்டை கரைக்கே வராது, ஆனால் அதற்கு இங். 'மேனேஜ்' என்றால் எப்படியோ முடித்தாகிவிட்டது, மூட்டை கரையில் கிடக்கிறது, ஆனால் அதற்கு டு. இவற்றையெல்லாம் அவர் கள்ளக்கடத்தல் சரக்கு என்று தனியாக எழுதி வைத்துக்கொண்டார். 'லுக் ஃபார்வர்ட்' என்று ஒன்று வந்தது. அதற்கு 'டு'வும் வேண்டும், 'இங்'கும் வேண்டும் என்றார் டீச்சர். ஒரே மூட்டை எப்படிக் கப்பலிலும் கரையிலும் இருக்கும் என்று சவரிநாதன் சண்டைக்குப் போய்விட்டார். வரதனுடைய கடிதங்களில் பாதிச் சிவப்பு வட்டம் அந்த வார்த்தைக்குத்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் சமாதானமானார்.

வீட்டில் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. மனைவி சிலுவையம்மாள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டால், இது நடக்கப் போவது, ஆகையால் டு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சும்மா இருப்பார். அந்த அம்மாள் அதை வேண்டாமென்று எடுத்துக்கொண்டு சட்டியை மூடிவிடுவார். அந்த மாதம் சவரிநாதன் கொஞ்சம் இளைத்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் சிலுவையம்மாள் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்.

"எத்தினி ஏத்துன?" என்று கேட்டார் சவரிநாதன்.

"ரெண்டு. ஒண்ணு உனுக்கு. ஒண்ணு மஜீது பாய்க்கு."

"ஏம்மே, கீறது ஒரு நாற்காலி! ரெண்டு பேருக்கும் ஏத்துனா மாதா இன்னா பண்ணும்?"

"அது மாதா பேஜாரு. அந்தாளு வூட்லயும் புள்ள குட்டிங்க கீதுங்க."

மஜீதின் பிள்ளைகளைச் சவரிநாதனுக்கும் தெரியும். ஆனால் மஜீதின் முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் பரீட்சை. வரதன் இரண்டு மேஜைகளை நாலடி இடைவெளியில் போட்டு, உறையை உடைத்துக் கேள்வித்தாளைக் கொடுத்தார். லியோனார்டின் நாற்காலி ஓரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே, யாருக்கோ காத்திருந்தது. சவரிநாதன் அதைப் பார்க்காமல் எழுதினார். அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்படி எழுதினார். ஹோப் மேலே, ஃபினிஷ் கீழே, அவாய்ட் கள்ளக்கடத்தல். வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வலையில் ஏறி, ஊசலாடாமல் இறங்கின. முக்கால் மணியில் இருபதும் முடிந்துவிட்டது. இன்னும் கால்மணி பாக்கி. அப்போது உள்ளறையில் டெலிபோன் மணி அடிக்க, வரதன் எழுந்து போனார்.

சவரிநாதனின் பேனா சும்மா இருக்கவில்லை. தாளின் அடியில், நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, தன் பாட்டுக்கு எண்ணியது. டு பன்னிரண்டு. இங் எட்டு. எண்ணி முடித்து நிமிர்ந்தார். மஜீதும் எண்ணி முடித்து நிமிர்ந்திருந்தார். வெளியே துறைமுகத்தில் ஷிப்டு முடிகிற சங்கு ஊதியது.

"இன்னா மாமு, எத்தினி?" என்றார் மஜீது. பதினோரு வருஷமாகக் கேட்கிற அதே குரல்.

"டு பன்னெண்டு. இங் எட்டு."

"என்னிது டு ஒம்போதுதான் வருது."

"மூணு வித்தியாசம்."

"மேல ரெண்டு வுடு. கீழ ஒண்ணு ஏத்து."

சவரிநாதன் 'டு' போட்டிருந்த இரண்டு வாக்கியங்களை அடித்து 'இங்' ஆக்கினார். எந்த இரண்டு என்று யோசிக்கவில்லை, பேனாவுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு. மஜீது ஒன்றை அடித்து 'டு' ஆக்கினார். இரண்டு பேரிடமும் டு பத்து, இங் பத்து.

"பத்துக்குப் பத்து. சுத்தமா கீது" என்றார் மஜீது.

சவரிநாதன் தாளை நீட்டினார். மஜீது அதில் கையெழுத்துப் போட்டார். மஜீது தாளை நீட்டினார். சவரிநாதன் அதில் கையெழுத்துப் போட்டார். வரதன் வந்து தாள்களை வாங்கி உறையில் போட்டார். இருவரும் படியிறங்கி, பீடி பற்றவைத்து, பாதிப் பீடி போன பிறகுதான் சவரிநாதனுக்கு உறைத்தது.

"மஜீது, நாம இப்ப இன்னா பண்ணோம்?"

மஜீதின் வாயிலிருந்து பீடி விழுந்தது. "யா அல்லா" என்றார்.

திங்கட்கிழமை வரதன் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மேஜைமேல் இரண்டு தாளும் பம்பாய் விடையும் இருந்தன.

"பரீட்சைப் பேப்பர்ல ஒருத்தர் பேப்பர்ல ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. காப்பி அடிச்சுட்டு அதுக்குச் சாட்சியும் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார், கணக்கு சேத்தோம்" என்றார் சவரிநாதன். சொல்லி முடிக்கும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன கணக்கு?"

மஜீது விளக்கினார். வரதன் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார். ஆறு வாக்கியத்தில் இருவரும் நேர்மாறாக எழுதியிருந்தார்கள். காப்பி அடித்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். மொத்தம் மட்டும் பத்துக்குப் பத்து. வரதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பம்பாய்க்காரர்கள் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிய நாளிலிருந்து அவர் சிரித்ததே இல்லை.

சிரித்து ஓய்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மஜீது முதலில் பதினாறு சரியாக எழுதியிருக்கிறார். கடைசியில் அடித்து மாற்றிய ஒன்று, தப்பாக இருந்து சரியாகிவிட்டது. ஆகப் பதினேழு. சவரிநாதன் முதலில் எழுதியதில் பதினேழு சரி. அடித்து மாற்றிய இரண்டும் சரியாக இருந்தவை. ஆகப் பதினைந்து.

"இதப் பாருங்க. 'ஹீ டிஸைடட் டு சிட்'. அழகா எழுதியிருக்கீங்க. அதை ஏன் அடிச்சீங்க?" என்று வரதன் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

சவரிநாதன் தாளைப் பார்த்தார். உட்காரத் தீர்மானித்த ஒருவனை அவர் தன் கையாலேயே அடித்திருந்தார். நாற்காலி மஜீதுக்கு, ஒண்ணாம் தேதியிலிருந்து.

வீட்டுக்கு வந்து அவர் சிலுவையம்மாளிடம், "ரெண்டு மெழுகுவத்தி ஏத்துனியே, பாத்தியா?" என்று எரிந்து விழுந்தார். "ரெண்டுல ஒண்ணு பலிச்சுதுல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வெந்நீர் கொண்டுவந்து அவர் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தார். சவரிநாதன் அழுதார். கால் வலி என்று சொல்லிக்கொண்டார். கால் வலியும் இருந்தது.

மஜீதின்மேல் அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. மறுநாள் ஷிப்டு முடிந்து இறங்கி வந்தவர் பீடியை எடுக்கவில்லை.

"எத்தினி?" என்றார் மஜீது, மெதுவாக.

"நானூத்திப் பன்னெண்டு."

"என்னிது நானூத்தி ஒம்போது. மேல ரெண்டு..."

"வுட மாட்டேன். வுட்டதெல்லாம் போதும். என் கணக்கு நானூத்திப் பன்னெண்டுதான்."

மஜீதுக்கும் ரோஷம் உண்டு. "அப்ப நானும் ஏத்த மாட்டேன். என்னிது நானூத்தி ஒம்போதுதான்."

பதினோரு வருஷத்தில் முதல்முறையாகச் சேராத கணக்கு ஆபீஸுக்குப் போனது. வரதன் மூட்டைகளை அடுக்கியிருந்த ஷெட்டுக்கே இருவரையும் அனுப்பி, உண்மையில் எத்தனை என்று எண்ணி வரச் சொன்னார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், அடுக்கு அடுக்காகத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். இரண்டு தடவை எண்ணினார்கள். நானூற்றுப் பதினொன்று.

பன்னிரண்டும் இல்லை, ஒன்பதும் இல்லை. அவர்கள் முறைப்படி சேர்த்திருந்தால் வந்திருக்கக்கூடிய பத்தும் இல்லை.

சவரிநாதன் ஒரு மூட்டைமேல் சாய்ந்துகொண்டார். "மஜீது, அந்தப் பரீட்சையில நெசமான டு எத்தினி? வரதன் சார் மேஜைல பாத்தியா?"

"பதினொண்ணு."

"அங்கயும் பதினொண்ணா?"

"அங்கயும் பதினொண்ணுதான், மாமு."

"அப்ப பதினோரு வருஷமா தெனிக்கும் தப்பாவே சேத்து, தப்பாவே கையெழுத்துப் போட்டுக்கினு, அதுக்கு நல்ல பேரு வேற வாங்கிக்கினு இருந்தோமா?"

மஜீதுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சவரிநாதனுக்கு. ஷெட்டுக் கூலியாட்கள், வெயில் தலைக்கேறிவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஒண்ணாம் தேதி மஜீது மாடிக்குப் போனார். மூன்றாம் தேதியே மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கப்பலுக்கு வந்துவிட்டார். முதல் கடிதம் எழுத ஆரம்பித்திருந்தார். டாலி கிளார்க்குகளுக்கு ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க மனிதனால் முடியாது என்று பம்பாய்க்கு எழுத வேண்டும். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார்.

"கன்டினியூன்னு போட்டேன், மாமு. அதுக்கப்பறம் டு ஸ்டாண்டா, ஸ்டாண்டிங்கா?"

சவரிநாதன் யோசித்தார். நின்றது கரையில் இறங்கிவிட்ட மூட்டை. இனிமேலும் நிற்கப் போவது கப்பலில் இருக்கிற மூட்டை. "இங் போடு" என்றார். "எனக்கு டுன்னு தோணுது" என்றார் மஜீது. இந்தத் தடவை யாரும் எதையும் விடவில்லை, ஏற்றவில்லை. சாயங்காலம் இருவரும் சேர்ந்து, குடை இல்லாமல், சுகிர்தம் டீச்சரிடம் போய்க் கேட்டார்கள்.

"அந்த வார்த்தைக்கு ரெண்டுமே சரிதான்" என்றார் டீச்சர்.

"இந்த மாதிரி வார்த்தையா இருவது பொறுக்கிப் பரீட்சை வெச்சிருக்கக் கூடாதா அந்தப் பம்பாய்க்காரனுங்க!" என்றார் சவரிநாதன்.

கடிதம் போனது. சிவப்பு வட்டம் எதுவும் திரும்பி வரவில்லை. மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது: நாற்காலி ஒன்று, மரம், கையில்லாதது.

அதைக் கூலியாட்கள் இருவர் கப்பல்மேல் ஏற்றி வைத்தார்கள். சவரிநாதன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சரக்கறையே கண்ணுக்குத் தெரியவில்லை. சரக்கறை வாயைச் சுற்றியிருந்த இரும்புச் சுவர் மறைத்தது. எழுந்து நின்றால்தான் தெரியும். கொஞ்ச நேரம் நாற்காலிமேல் ஏறி நின்று எண்ணிப் பார்த்தார். கீழே நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டு இறங்கினார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து, மஜீது பதினோரு வருஷம் நின்ற அதே இடத்தில் போட்டார். மேலே எண்ண, சின்னப்பையன் என்ற நாற்பது வயதுக்காரர் போனார்.

சவரிநாதன் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மடங்கி, வலி மெதுவாக இறங்கியது. மாடி ஜன்னலில் மின்விசிறிக்குக் கீழே மஜீதின் தலை தெரிந்தது. இவருக்குக் கடல் காற்று. "பரீட்சையில் தோற்று நாற்காலி வாங்கியவன் துறைமுகத்திலேயே நான் ஒருத்தன்தான்" என்று அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவர், சாகும்வரை அதைச் சொல்லாமல் ஒரு கல்யாண வீட்டிலும் கைகழுவியதில்லை.

அன்று ஷிப்டு முடிந்து சின்னப்பையன் இறங்கி வந்தார். "அண்ணாத்த, எனக்கு முந்நூத்தி நாப்பது. உனுக்கு?"

"முந்நூத்தி முப்பத்தேழு."

"மூணுதானே? நான் ரெண்டு வுட்டுடறேன். நீ ஒண்ணு..."

"எதையும் வுடாத நைனா" என்றார் சவரிநாதன். எழுந்து, நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தார். "வா, மொதல்லேர்ந்து எண்ணுவோம். எனக்கு உக்கார எடம் கீது."